வரப்பில்லாத தகவல்



பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டினால், சர்வேயரை அழைத்து அளந்துவிடலாம். ஆனால், கைபேசிச் செயலியில் நீங்கள் பதியும் சர்வே எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு, பயிர் விவரம் ஆகியவற்றுக்கு எல்லைக்கல் கிடையாது. செயலியை நடத்தும் நிறுவனம் ஒரு நாட்டில் இருக்கும். தகவலைச் சேமிக்கும் கணினி வேறொரு நாட்டில் இருக்கும். தவறு நடந்தால் எந்த நாட்டுச் சட்டப்படி கேட்பது?

இதற்குச் சட்டம் மெல்லத்தான் பதில் தேடியது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவதற்காகத் தகவலைக் கையாளும் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம்தான், குறைகளும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். மானியம் போன்ற திட்டங்களுக்கு, தனியே சம்மதம் பெறாமலேயே அரசு தகவலைக் கையாள இடமுண்டு. அபராதத் தொகை அரசுக் கணக்கில்தான் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழியில்லை. கடல் தாண்டிப் போய்க் குற்றம் செய்தவரைப் பிடிக்கும் சட்டம், இழந்தவரின் கையில் ஒரு ரூபாய்கூட வைக்காது என்றால் எப்படி? இதைத் திருத்தக் கோர வேண்டும்.

அதுவரை காவல் நம் கையில். இலையில் விழுந்த பூச்சியை அடையாளம் காண, இலையின் படம் போதும். வங்கிக் கணக்கு எண் எதற்கு? பி.எம். கிசான் தவணை என்று வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. விவசாயியின் பெயரைப் பதியும்போது, "ஓடிபி சொல்லுங்கய்யா" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். எதற்காக, யாருக்குப் போகிறது என்று இரண்டு வரி சொல்லுங்கள். காரணம் கேட்காமல் சொல்லப் பழகிய விவசாயி, நாளை மோசடிக்காரன் கேட்டாலும் சொல்லிவிடுவார்.