விளக்குமாறும் வீட்டுறுதியும்

எசல பெரஹராவின் இறுதி ரந்தோலி ஊர்வலம் முடிந்த பின்னர், கண்டி மாநகரின் வீதிகளிலே வேறோர் ஊர்வலம் தொடங்குகின்றது. அதற்கு மேளமில்லை, தீவட்டியில்லை, பார்வையாளருமில்லை. யானைச் சாணத்தையும், தீவட்டிக் கரியையும், மிதிபட்ட தின்பண்டத் தாள்களையும் பொழுது புலருமுன் கூட்டி அள்ளிவிட்டு அவ்வூர்வலம் கலைந்துவிடுகின்றது. காலையில் கடை திறக்க வருவோரும், பாடசாலைக்கு விரையும் நம்போன்றோரும் தூய நகரத்தைக் கண்டு மகிழ்கின்றோம். கூட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்பதில்லை.

அவர்களுட் பலர் மஹியாவைக்குப் போகின்றனர். மாத்தளை ரயில் பாதையின் சுரங்கமும் நகரின் மயானமும் அண்டையிலிருக்கும் அந்த மேட்டிலேதான் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளரின் குடியிருப்பு இருக்கின்றது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கண்டிக்கு மாநகரசபை கிடைத்தது. சபை கிடைத்ததும் குப்பை அள்ளவும் மலம் சுமக்கவும் ஆள் வேண்டியதாயிற்று. கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள்பிடித்த அதே ஆட்சி, தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதியினரை இவ்வேலைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. தோட்டத்துக்கு லயன் போல நகரத்துக்கும் ஒரு லயன்! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, நகரைக் கூட்டியவர்களும் அதற்குத் தப்பவில்லை. அக்கணக்கு முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடியுரிமை வந்தது. குடியிருப்பு உரிமையோ வரவில்லை. இதுவே எமது முறைப்பாட்டின் மையம். சபைக் குடியிருப்பு சபை ஊழியருக்கு என்பது விதி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதி நடைமுறையில் என்ன செய்கின்றது? தந்தை ஓய்வுபெறும் நாள் நெருங்க நெருங்க, வீட்டிலுள்ள எல்லோர் கண்களும் பிள்ளைகள் மீது திரும்புகின்றன. மகனோ மகளோ மருமகனோ, யாரேனும் ஒருவர் விளக்குமாற்றைக் கையேற்க வேண்டும். இன்றேல் கூரை போய்விடும். சாதி மனுவின் ஏட்டிலேதான் இருக்கின்றது என்றெண்ணுவோர் குடியிருப்புப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தோட்டித் தொழில் தன் மகனைத் தீண்டலாகாது என்ற ஒரு தந்தையின் ஆசை தோற்ற கதையைத் தகழி 1947இல் 'தோட்டியின் மகன்' நாவலில் எழுதினார். ஆலப்புழையின் அக்கதையைச் சுந்தர ராமசாமியின் தமிழிலே படித்து நாம் கண்கலங்கினோம். கண்டிக் கதையைப் படிக்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. கலிங்க டியூடர் சில்வாவும் சிவப்பிரகாசமும் தங்கேஸும் இத்தொழிலாளரைப் பற்றி எழுதி 2009இல் வெளிவந்த ஆய்வு, இதற்கு நகரத் தீண்டாமை என்றே பெயரிட்டது.

நாம் படிப்பிக்கும் பாடசாலையிலே, உயர்தரம் சித்தியெய்திய மாணவனொருவன் வேலை விண்ணப்பமொன்றைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தான். முகவரி கட்டுகஸ்தோட்டை என்றிருந்தது. அது மாமன் வீடு. ஏன் என்று கேட்டோம். "மஹியாவைன்னு போட்டா இண்டர்வியூக்கே கூப்பிட மாட்டாங்க சேர்" என்றான். அவனுடைய தமிழிற் பிழையில்லை, புள்ளிகளிற் குறையில்லை. முகவரியிலேதான் குற்றம்! நாமும் அதைத் திருத்தவில்லை. அப்படியே கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.

இந்நிலையிலேதான் நகரப் புதுப்பிப்பு என்னும் சொல் நம் காதில் விழுகின்றது. கண்டி 1988இல் உலக மரபுரிமை நகராயிற்று. 2014இல் கண்டிக்கும் காலிக்குமாக உலக வங்கி 147 மில்லியன் டொலர் கடனுக்கு இசைந்தது. வீதி, வடிகால், குடிநீர், போக்குவரத்து எல்லாம் அதில் அடங்கின. நாம் இவற்றுக்கு எதிரியல்லோம். மழை பெய்தால் முழங்காலளவு நீரில் நடப்பவர்கள் வடிகாலை வெறுப்பார்களா? போகம்பரைச் சிறைச்சாலை 2014இலேயே பல்லேகலைக்குப் பெயர்ந்தது. அதன் மதிற்சுவர்களை என்ன செய்வது என்பதற்கு எத்தனை யோசனைகள், எத்தனை வரைபடங்கள்! கைதிகள் விட்டுச்சென்ற கட்டடத்துக்குக் கிடைத்த சிந்தனையில் பாதியேனும் தொழிலாளர் வாழும் கட்டடத்துக்குக் கிடைத்ததா?

தொழிலாளர் குடியிருப்புக்கென்று வரும் திட்டங்களோ பெரும்பாலும் ஒரே முகங்கொண்டவை. ஒரு சனசமூக நிலையம், சுவருக்கு வெள்ளை, பொது மலசலகூடத்துக்குப் புதுக் கதவு, திறந்துவைத்தவரின் பெயர் பொறித்த கல். வாசிகசாலையும் பாலர் பாடசாலையும் வேண்டும், மிக வேண்டும். ஆயினும் நாளை தன்னுடையதல்லாமற் போகக்கூடிய அறையிலிருந்து வாசிகசாலைக்கு வரும் பிள்ளை அங்கே எதை நிம்மதியாகப் படிக்கும்?

"உறுதி கொடுத்தால் விற்றுவிட்டுக் குடித்துவிடுவார்கள்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கின்றோம். கண்டி வாவியைப் பார்த்தபடி மாளிகை கட்டியவரிடம், உறுதி எழுதுமுன் இக்கேள்வியை எந்த நொத்தாரிசு கேட்டார்?

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், மனிதர் வாழத் தகாத வீட்டை மூடுவிக்கும் வழியை உள்ளூராட்சிச் சபையின் கையிலே தந்தது. இங்கோ வீட்டுச் சொந்தக்காரனும் சபை, முதலாளியும் சபை, சுகாதாரம் பார்க்க வருபவரும் சபையின் ஆள். யார் யார்மீது வழக்குத் தொடுப்பது? பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த 1973இல், வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் வந்தது. மிகுதியான வீடுகளிலே வாடகைக்கிருந்தோர் அவற்றை வாங்கி உரிமையாளராகும் வழி திறந்தது. நெடுங்காலம் குடியிருந்து வாடகை கட்டியவனுக்கு அவ்வீட்டில் ஓர் உரிமையுண்டு என்ற நியாயத்தை அன்று இந்நாடு ஏற்றுக்கொண்டது. அந்நியாயம் மஹியாவை மேட்டில் மட்டும் ஏன் மூச்சு வாங்குகின்றது?

உறுதி வேண்டும் என்கிறோம். எங்காவது ஒரு தொடர்மாடி போதும் என்று சொல்லவில்லை. கொழும்பைப் பாருங்கள். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் தொடர்மாடிக்கு ஏற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றிடம், முப்பதாண்டுத் தவணையிலே 10 இலட்சம் ரூபா கேட்கப்பட்டது. சொந்த நிலத்தை இழந்தவரே கடனாளியுமானார். முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதனை வேறோரிடத்துக்குத் தள்ளிவைக்கின்றது என்று 1872இலேயே ஏங்கல்ஸ் பாரிஸ் நகரைச் சுட்டிக்காட்டி விளக்கினார். கண்டி மலைச்சரிவில் தள்ளிவைக்கவும் இடமில்லை; அதிகாலை நான்கு மணிக்கு வீதிக்கு வரவேண்டியவரைப் பல்லேகலைக்கு அப்பால் வைத்தால் பஸ்ஸுக்கு எங்கே போவார்?

2023 மார்ச்சில் காலாவதியான உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே மாதத்திலேதான் தேர்தல் நடந்தது. புதிய உறுப்பினருக்கு மஹியாவையும் வாக்களித்திருக்கின்றது. அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: எந்தப் புதுப்பிப்புத் திட்டமாயினும் முதற்கல் நாட்டுமுன், இன்று குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே இடத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதப்படல் வேண்டும். அவ்வுறுதியில் சபை வேலையைப் பற்றிய நிபந்தனை ஒரு வரிதானும் இருத்தலாகாது. திட்ட வரைபடம் தமிழிலும் அச்சாகி, குடியிருப்பு மக்களின் கூட்டத்திலே வாசிக்கப்படல் வேண்டும். சனசமூக நிலையத்தை எங்கே கட்டுவதென்பதை அக்கூட்டம் சொல்லட்டும்.