எழுபது வயதில் எதற்கு மெக்கானிக்கல் கீபோர்டு?

கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டு நன்றாக இருக்கும்போது, பென்ஷன் பணத்தில் நாலாயிரம் ரூபாய் போட்டு இன்னொன்று வாங்குவது ஊதாரித்தனம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். "இதெல்லாம் கேம் ஆடுகிற பிள்ளைகள் வாங்குவது சார், நமக்கெதற்கு?" என்கிறார் ஒருவர். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி என்றால் யோசிக்காமல் செலவழிக்கிறோம். முட்டி வலிக்கிறதென்று மெத்தென்ற செருப்பு வாங்குகிறோம். வாழ்நாள் முழுதும் நமக்குச் சோறு போட்ட விரல்களுக்கு மட்டும் எது கிடைத்தாலும் போதும் என்கிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதலில் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இருக்கும் சாதாரணக் கீபோர்டில், எழுத்துப் பொத்தான்களுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சின்னக் குமிழ். அந்தக் குமிழ் நசுங்கி அடிவரை போனால்தான் எழுத்து விழும். நாளானால் ரப்பர் தளர்ந்து, சில பொத்தான்கள் அமுங்கியும் எழுத்து வராது. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி சுவிட்ச். அதற்குள் ஒரு சுருள்வில்லும், உலோகத் தகடுகளும், நடுவில் ஏறி இறங்கும் ஒரு தண்டும் இருக்கும். பொத்தான் மொத்தம் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். மேசையைக் குத்துவதுபோல் குத்த வேண்டியதில்லை. பழகிய விரல் பாதியிலேயே திரும்பிவிடும். ஒரு சுவிட்ச் 5 கோடி முறைக்கு மேல் தாங்கும் என்று தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். எஞ்சிய ஆயுளில் நாம் என்ன அடித்தாலும் அதில் ஒரு மூலைகூடத் தேயாது.

என் விரல்களின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளியில் முதலில் பார்த்த தட்டச்சுப் பொறியில் மேல் வரிசை 'அ-ஸெ-எ-ஏர்-தே' என்று போகும். அதைத்தான் அஸேர்த்தி என்பார்கள். அரசு வேலைக்கு வந்தபோது நிர்வாகம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. ஆகவே குவெர்ட்டியில் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேற வேண்டியிருந்தது. பிறகு தமிழ்த் தட்டச்சு. ஆக மூன்று மொழிக்கு மூன்று வரிசை, ஒரே பத்து விரல். நம் ஊரில் என் வயதுக்காரர்கள் பலருடைய கதை இதுதான்.

அந்தப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஒரு வேடிக்கை உண்டு. புள்ளி வைத்த எழுத்து வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிப்போம், வண்டி நகராது. அதன்பின் எழுத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். பிரெஞ்சிலும் 'எ'யின் தலையில் கூரைக்குறி வேண்டுமென்றால் முதலில் குறி, பிறகு எழுத்து. மற்றவர்கள் தமிழ்ப் பொறியில் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். எனக்கு அது பள்ளியிலேயே பழகிய சங்கதி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ் எழுத்துகளை அந்தச் சிறிய பொறிக்குள் அடக்கிய சாமர்த்தியத்தை அப்போதுதான் நான் வியந்தேன்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருவோம். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் எம்எக்ஸ் என்ற சுவிட்சைக் கொண்டுவந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்களும் அதே அமைப்பில் மலிவாகச் செய்ய ஆரம்பித்தன. இந்தப் பொழுதுபோக்கு நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததற்கு அது முக்கியக் காரணம். தண்டின் நிறத்தை வைத்து இனம் பிரிக்கிறார்கள். நீலம் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் 'டிக்' என்று சத்தம் போடும். அழுத்தச் சுமார் 60 கிராம் விசை வேண்டும். சிவப்பு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். 45 கிராம் போதும். பழுப்பில் சத்தம் இல்லை. ஆனால் எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்னத் தட்டு தெரியும்.

நீலத்தின் ஓசை உங்களுக்குப் புதிதல்ல. டிவிஎஸ் கோல்டு என்ற கறுப்புக் கீபோர்டு எத்தனையோ அலுவலகங்களிலும் கவுண்டர்களிலும் இருந்தது. வரிசையில் நிற்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படபடவென்று கேட்குமே, அதுதான். நாம் அதை ஆபீஸ் சாமான் என்று நினைத்தோம். இன்றைய பிள்ளைகள் அதையே பொக்கிஷம் என்கிறார்கள்.

தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு நீலம்தான் பிடிக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் நம் வயதில் தூக்கம் நாலு மணிக்கே கலைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நான் நீலத்தில் அடித்தால் அடுத்த அறையிலிருந்து, "என்னங்க, மறுபடியும் ஆபீசுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று குரல் வருகிறது. வீட்டில் இன்னொருவர் தூங்கினால் பழுப்பு நல்லது. விரல் மூட்டு வீக்கம் உள்ளவர்கள் சிவப்பை முயன்று பாருங்கள். இது வைத்தியம் அல்ல. வலி இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அழுத்தும்போது 15 கிராம் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

வாங்கிய பின் நமக்கேற்றபடி மாற்றிக்கொள்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி இருக்கிறது. 'ஹாட் ஸ்வாப்' என்று போட்டிருக்கும் கீபோர்டில் சுவிட்சைச் சாலிடர் இல்லாமல் இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். நான் சுண்டுவிரல்கள் தொடும் பொத்தான்களுக்கு மட்டும் சிவப்பும், மற்றவற்றுக்குப் பழுப்பும் வைத்திருக்கிறேன். ஸ்பேஸ் பார் போன்ற நீளமான பொத்தான்களுக்கு அடியில் கம்பி வைத்திருப்பார்கள். அதுதான் கடகடவென்று ஆடும். அதன் முனைகளில் மெல்லிய தூரிகையால் துளி கிரீஸ் தடவினால் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் ஆபீசுக்கு வரும் தட்டச்சு மெக்கானிக் எண்ணெய்க் குப்பியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து செய்த அதே வேலைதான். மேலே உள்ள மூடிகளில் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் சில மாதங்களில் விரல் பட்டுப் பளபளக்கும். பிபிடி சொரசொரப்பாகவே இருக்கும். எழுத்தை மேலே அச்சடிக்காமல் இரண்டு நிற பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தால் எத்தனை வருடமானாலும் அழியாது.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'ஊ' என்ற சொல்லின் தலையில் கோடு இல்லாவிட்டால் 'அல்லது', கோடு இருந்தால் 'எங்கே'. குறிகளை விட்டுவிட்டுக் கடிதம் எழுதினால் பேரப்பிள்ளை சிரிக்கும். அஸேர்த்தி வேண்டுமென்றால் பொத்தான் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் விற்பவை பெரும்பாலும் 104 பொத்தான் கொண்ட அமெரிக்க அமைப்பு. பிரெஞ்சு அமைப்பில் இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் கூடுதல், எண்டர் உயரமாக இருக்கும், மொத்தம் 105. அஸேர்த்தியும் குறையில்லாதது அல்ல. எண்ணுக்கும் முற்றுப்புள்ளிக்கும்கூட ஷிப்டை அழுத்த வேண்டும். தங்கள் நாட்டில் விற்கும் கீபோர்டில் பிரெஞ்சைப் பிழையின்றி எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று 2016இல் பிரெஞ்சுக் கலாசார அமைச்சகமே சொன்னது. 2019 ஏப்ரலில் அவர்களுடைய தரநிர்ணய அமைப்பான ஆஃப்னோர் திருத்திய வரிசையை வெளியிட்டது. ஒரு பெரிய அரசாங்கம் தன் மொழிக்காகக் கீபோர்டைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாமும் யோசித்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 வரிசை வந்தது. தமிழ்நாடு அரசும் ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைக்கு. அ, இ, உ நடு வரிசையில் இடது கை விரல்களுக்கு அடியிலும், க, ப, ம, த வலது கை விரல்களுக்கு அடியிலும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ, நான்கே அழுத்தம். 'அங்கே' என்பதற்கும் நான்குதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதில் எழுதுகிறோம்? அம்மாவை ஆங்கில எழுத்தில் ஐந்து முறை தட்டி, கம்ப்யூட்டர் அதைத் தமிழாக்கிக் கொடுப்பதற்குக் காத்திருக்கிறோம். மனதில் 'ழ' என்று நினைத்து, கையில் ஆங்கில எழுத்தைத் தேடும் இந்தச் சுற்றுவழி எனக்குப் பிடிக்கவில்லை. நாலாயிரம் ரூபாய்க் கீபோர்டை வாங்கி அதில் தமிழை ஆங்கில எழுத்தால் அடிப்பது, வீணை வாங்கி அதில் தாளம் மட்டும் போடுவது போல.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: தமிழ் எழுத்துப் பொறித்த மூடி எங்கே கிடைக்கும்? நான் தேடியவரையில் ஒட்டும் தாள்தான் கிடைத்தது. அது வெயில் காலத்தில் உரிந்து வருகிறது. அது தேவையும் இல்லை. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடம் அழுத்தப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது, எழுத்தாக்குவது கம்ப்யூட்டர். எஃப், ஜே இரண்டின் மேலும் ஒரு சிறு மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்தால் மற்றவை தானே இடம் தெரிந்துகொள்ளும். இ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் தமிழ்99ஐத் தருகின்றன. என் கீபோர்டில் பொத்தான்களின் வேலையை மாற்றி எழுத முடியும் என்பதால், யாருக்கும் உதவாத கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் பொத்தானாக்கிவிட்டேன். ஒரு தட்டுக்குப் பிரெஞ்சு, இன்னொரு தட்டுக்கு ஆங்கிலம், மற்றொன்றுக்குத் தமிழ்.

"போனில் பேசினாலே எழுதிவிடுகிறதே" என்பார்கள். மளிகைப் பட்டியலுக்கு அது போதும். ஆனால் எழுதும்போது நாம் நிற்கிறோம், அடிக்கிறோம், அழிக்கிறோம், சொல்லை மாற்றுகிறோம். அந்த இடைவெளியில்தான் ஞாபகம் வருகிறது. நம் ஊரின் இரண்டு ஆட்சிகளையும் கண்ணால் கண்டவர்களும், வீட்டில் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேர், கை வலிக்கிறது, கண்ணாடித் திரையில் விரல் தவறுகிறது என்று எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது வந்த செய்திகளை மற்றவர்களுக்குத் தள்ளிவிடுவதோடு சரி. அவர்களிடம் இருந்த கதைகள் வேறு யாரிடமும் இல்லை. எனக்குக் கவலை இதைப் பற்றித்தான்.

ஊதாரித்தனம் என்று சொன்ன நண்பர்கள் ஒரு விஷயத்தில் சரி. இந்தப் பொழுதுபோக்குக்கு அடி ஆழம் கிடையாது. பித்தளை எடை, அலுமினியப் பெட்டி, மூடி மட்டுமே பல ஆயிரம் என்று போகும். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் குழுக் கொள்முதலும் உண்டு. பத்துக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதன் சத்தத்தைப் படம்பிடித்துப் போடுகிறார்களே தவிர, அதில் என்ன எழுதினார்கள் என்று சொல்வதில்லை. நம் வயதில் காத்திருப்பதற்குப் பணம் கட்டக்கூடாது. ஒரு கீபோர்டு, ஒரு டஜன் மாற்று சுவிட்ச், இடுக்கி, தூரிகை. எனக்கு இதுதான் எல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. வீடியோவில் கேட்கும் சத்தத்தை நம்பாதீர்கள். கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் விரலை வைத்துப் பாருங்கள். ஹாட் ஸ்வாப் இருக்கிறதா, சுவிட்சுக்கு அடியில் மூன்று கால்தான் செருகுமா, ஐந்தும் செருகுமா என்று கேளுங்கள். ஓரத்து எண் பலகை வேண்டாமென்றால் 87 பொத்தான் கொண்டது மேசையில் இடத்தை மிச்சப்படுத்தும். கணக்கு எழுதுபவர்கள் முழு அளவையே வாங்குங்கள். வந்த அன்றே தமிழ்99ஐ நிறுவிக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிஷம் வீதம் பழகினால் இரண்டு மாதத்தில் கை ஓட ஆரம்பிக்கும். பயிற்சிக்கு என்ன அடிப்பதென்று கேட்டால், நீங்கள் பிறந்த தெருவில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வரிசையாக அடியுங்கள்.