இருட்டுக்கு என்ன நிறம்?

போன வருசம் பண்டத்தரிப்பில் நாங்கள் ஒரு சின்ன நாடகம் போட்டோம். 90களில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒரு வீட்டின் ஓர் இரவு. அதுதான் கதை. எட்டு எல்இடி லைற்றுகளை வாடகைக்கு எடுத்து மேடை முழுக்க நீலம் அடித்தோம். இரவு எண்டால் நீலம்தானே! நாடகம் முடிய அம்மம்மா சொன்னது ஒரே வசனம்தான்: "உது இருட்டோ மோனை? கலியாண மண்டபம் மாதிரியெல்லே கிடந்தது."

எனக்குக் கோபம் வந்தது. அண்டைக்கு இரவே அவ வீட்டு லைற்றுகளை நிப்பாட்டிவிட்டு ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் செய்து கொளுத்திக் காட்டினா. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. பொருளாதாரத் தடைக் காலத்தில் சனம் இந்த வெளிச்சத்தில்தான் படித்தது, சமைத்தது. அவவின்ர நாடியும் மூக்கு நுனியும் மட்டும் தெரிந்தன. கண் இரண்டும் குழி. பின்சுவரில் நிழல் ஆளைவிட மூண்டு மடங்கு. அவ எழும்ப, முழு வீடும் அசைந்த மாதிரி இருந்தது.

எங்கட பிழை அங்கதான். வெளிச்சத்தை வாடகைக் கடையில் தேடினோம், வீட்டில் பார்க்கவில்லை.

புத்தகம் படிக்க வேண்டாம் எண்டு சொல்லவில்லை. அமெரிக்கர் ஸ்ரான்லி மக்கான்ட்லெஸ் 1932இல் எழுதிய முறை இண்டைக்கும் பாடம்: முகத்துக்கு இரண்டு பக்கமும் 45 பாகையில் வெளிச்சம், ஒண்டு சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். பின்னேரம் நாலு மணிக்கு முற்றத்தில் ஆரையாவது நிப்பாட்டிப் பாருங்கோ. ஒரு கன்னத்தில் வெயிலின் மஞ்சள், மற்றதில் வானத்தின் நீலம். கல்கத்தாவில் 1959இல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணி ஏறுவதைத் தாபஸ் சென் வெறும் வெளிச்சத்தால் காட்டினார். தண்ணியில் ஒளி எப்பிடி நெளியும் எண்டு பாராத ஒருத்தரால் அது ஏலுமோ? எங்களுக்கு மாதகல் கடல் பக்கத்திலேயே இருக்கு.

வேலியையும் பாருங்கோ. ஓலை இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும், அதுக்குள்ளால் தூரத்தில் விழும் வெயில் பொட்டு வட்டம்தான். அது சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்தில், மர நிழலில் விழுந்த பொட்டெல்லாம் வளையமாக மாறியது இதனால்தான். மேடையில் நிழலுக்காகக் 'கோபோ' தகடு வாங்குகிறோம். ஒரு பனையோலை போதும்: நடிகருக்குக் கிட்டப் பிடித்தால் நிழல் கூராக விழும், லைற் பக்கம் கொண்டுபோனால் கலங்கும். ஹலஜனுக்கு மட்டும் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ, பத்திப்போடும்.

"காசில்லாததுக்கு இது ஒரு சாட்டு" எண்டு ஒரு நண்பன் சொன்னான். இருக்கலாம். ஆனால் காசிருந்தபோதுதான் நாங்கள் கலியாண மண்டபம் கட்டினோம். ஓலை வேலிகள் மதிலாகின்றன, ஜாம் போத்தல் வெளிச்சத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயசாகிறது. அவர்களின் இரவைப் பிழையான நிறத்தில் காட்டினால், அடுத்து வாற பிள்ளையள் அதையே உண்மை எண்டு நம்புவினம்.

அடுத்தமுறை போட்டபோது எட்டு லைற்றும் இல்லை. மேடைத் தரையில் போத்தலுக்குள் ஒரு சின்ன மஞ்சள் பல்ப், அவ்வளவுதான். அம்மம்மா கடைசி வரை பேசாமல் இருந்தா. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னா: "திரியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம் மோனை. மண்ணெண்ணெய் அப்ப என்ன விலை தெரியுமோ?"