மரம் வேஷம் போட்ட டவர் நம்ம தெருவுக்கு வேணுமா?

வீட்டுக்குள்ள சிக்னல் வரலைன்னா சிம் கம்பெனியைத் திட்டுவோம். அதே கம்பெனி பக்கத்து வீட்டு மொட்டைமாடியில டவர் வைக்க வந்தா, தெருவே கூடி நின்னு தடுப்போம். இந்தச் சிக்கலுக்குச் சிலர் சொல்ற வழிதான் மரம் மாதிரி செஞ்ச டவர். தூரத்துல பார்த்தா தென்னை. கிட்ட போனா இரும்புக் கம்பம், பிளாஸ்டிக் ஓலை, நடுவுல ஆன்டெனா. என் கருத்து இதுதான்: வேஷம் போடட்டும், தப்பில்ல. ஆனா அது வேஷம்னு தெருவுக்குத் தெரியணும்.

இந்த ஐடியா பிறந்தது அமெரிக்காவில். 1992ல் டென்வர் நகரில் லார்சன் என்ற நிறுவனம் பைன் மரம் மாதிரி ஒரு டவரை நிறுத்தியது. 1996ல் அங்கே வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இந்த வேஷத்துக்கு இன்னும் வேலை கொடுத்தது. கதிர்வீச்சு மத்திய அரசின் வரம்புக்குள் இருந்தால், அதைக் காரணம் காட்டி உள்ளூர் நிர்வாகம் டவரை மறுக்க முடியாது. 'பார்க்க அசிங்கமா இருக்கு' என்று வேண்டுமானால் சொல்லலாம். உடம்பைப் பற்றிப் பயந்தவங்க கூட அழகைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால கம்பெனி கொடுத்த பதிலும் அழகு சம்பந்தமாவே இருந்தது.

நம்ம ஊர்ல டவரோட அழகுக்காக யாரும் சண்டை போடறதில்ல. 'கேன்சர் வருமா? வீட்ல சின்னக் குழந்தை இருக்கே?' இதுதான் கேள்வி. இதுக்குப் பிளாஸ்டிக் ஓலை பதில் ஆகாது. ஓலை அலையைத் தடுக்காது. தடுக்காத பொருள்ல செஞ்சாதான் டவரே வேலை செய்யும். உண்மை ஒரு நாள் வெளியே வந்தா, 'பயப்பட எதுவும் இல்லைன்னா ஏன் மறைச்சீங்க?' என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி.

அதுக்காக எல்லாப் பயமும் சரின்னு சொல்லல. 2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்தது. 'வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவு' என்று அதற்கு அர்த்தம். 2012 செப்டம்பரில் இந்திய அரசு டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுது. நேர் கீழே அலை குறைவு. டவர் தூரமா இருந்தா, காதுல வெச்சிருக்கற போன்தான் தன் பவரைக் கூட்டும். இதெல்லாம் நாம எக்ஸாமுக்குப் படிச்சோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு யார் சொன்னா?

'சொன்னா டவரே வர விடமாட்டாங்க' என்று சிலர் சொல்வாங்க. சில தெருவுல அப்படி நடக்கலாம். ஆனா சொல்லாம வெச்ச டவர் மேல வர்ற சந்தேகம், அந்த டவர் இருக்கற வரைக்கும் இருக்கும். அடுத்த தெருவுக்கும் பரவும்.

அதனால மர டவர் வைக்கணும்னு யார் வந்தாலும் மூணு விஷயம் கேளுங்க. வைக்கறதுக்கு முன்னாடி தெருவைக் கூட்டிப் பேசணும். வெச்ச பிறகு, யார் டவர், என்ன அலைவரிசை, யாரைக் கூப்பிடணும் என்று கீழே தமிழ்ல போர்டு இருக்கணும். வாசல்ல கதிர்வீச்சை அளந்து, அந்த எண்ணையும் வரம்பையும் அதே போர்டுல எழுதணும். அளக்க வழி ஏற்கனவே இருக்கு. மத்திய அரசு 2017ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்துல பக்கத்து டவர் விதிப்படி இருக்கான்னு பார்க்கலாம். கட்டணம் கட்டினா நேர்ல வந்து அளக்கவும் கேட்கலாம்.

அடுத்த தடவை உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல டவர் பற்றி ஒரு பார்வர்டு வந்தா, சிரிச்சுட்டுத் தள்ளிப் போகாதீங்க. நாலு வருஷம் படிச்சதை நாலு வரியில, தமிழ்ல எழுதிப் போடுங்க.