வெளியீட்டுக் குறிப்பில் நம்ம வரி எங்கே?

நம்ம பக்கம் எது புதுசா வந்தாலும் அதுக்கு ஒரு திறப்பு விழா உண்டு. ரிப்பன், மாலை, மங்கள விளக்கு, மேடையில் பத்துக் கதிரை, நினைவுப் பலகையில் பெரிய எழுத்தில் அரசியல்வாதியின் பேர். வீட்டுத்திட்டமோ, குடிநீர்த் திட்டமோ, பாடசாலைக் கட்டடமோ, எல்லாத்துக்கும் இதே முறைதான். அந்தக் கட்டடத்தின் கழிவறைக்கு இன்னும் தண்ணி வரவில்லை, பின்பக்க மண்மேட்டுக்கு அணைச்சுவர் கட்டவில்லை என்று மேடையில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். சொன்னா விழா கெட்டுப்போயிடும்.

மென்பொருளுக்கும் திறப்பு விழா இருக்கிறது. அதற்கு வெளியீடு என்று பேர். அதிலும் பகட்டு இல்லாமல் இல்லை. ஆனால் நல்லா நடத்தப்படுகிற திறந்த மூலத் திட்டங்களிடம் நம்ம மேடைகளில் காணாத ஒரு பழக்கம் உண்டு. புதுப் பதிப்பை அறிவிக்கிற அதே குறிப்பில் ‘தெரிந்த குறைகள்’ என்று ஒரு பகுதி போடுவார்கள். இது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை, இந்த வகைக் கணினியில் இப்படி ஒரு சிக்கல் வரும், பழைய பதிப்பிலிருந்து மாறுகிறவர்கள் இதைக் கவனியுங்கள் என்று எழுதிவிட்டுத்தான் வெளியிடுவார்கள். கூடவே யார் யார் வேலை செய்தார்கள் என்று பெயர்களும் வரும். நிரல் எழுதியவரோடு மொழிபெயர்த்தவரும், பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வெளியீடு என்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் எப்போதும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அப்படியென்றால் தினமும் மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை எந்த நாளில் ‘இதுதான் புதுப் பதிப்பு’ என்று சொல்வது? அதற்காக ஒரு கட்டத்தில் புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள். பிறகு சோதனைப் பதிப்பு, அதன் பிறகு ‘இதில் பெரிய பிழை வராவிட்டால் இதையே விடுவோம்’ என்கிற வேட்பாளர் பதிப்பு, கடைசியில் வெளியீடு. டெபியன் குழு தயாரானால்தான் விடுவோம் என்ற கொள்கையில் இருக்கிறது. உபுண்டு ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. முறை எதுவானாலும் நடுவில் ஒரு முக்கியமான நாள் உண்டு. அதை ‘ஸ்ட்ரிங் ப்ரீஸ்’ என்கிறார்கள். அந்த நாளுக்குப் பிறகு திரையில் தெரிகிற ஆங்கிலச் சொற்களில் கை வைக்கக்கூடாது. காரணம், மொழிபெயர்க்கிறவர்களுக்கு அவகாசம் வேண்டும். அதாவது மொழிக்காக நிரலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற நாட்கள் அவை.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்ம நாட்டில் சுற்றறிக்கை முதலில் சிங்களத்தில் வரும், தமிழ் ‘பிறகு வரும்’. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகிற அம்மாக்கள் கையில் இன்றும் சிங்களப் படிவம் வருகிறது. நிரப்பித் தர வெளியில் யாரையாவது தேடணும். நமக்கு மொழிபெயர்ப்பு என்பது எல்லாம் முடிந்த பிறகு செய்கிற உபகாரம். அங்கே அது வெளியீட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை.

இது வெளிநாட்டுக்காரர்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையே இதில் பெரிய உதாரணம் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது, லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன உதவி வேண்டும் என்று பதிகிற மென்பொருள். அதன் பேர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அந்த முதல் வடிவம் அவசரத்துக்கு எழுதியது. அதோடு விட்டிருந்தால் சுனாமிக் கதையில் ஒரு வரியாக முடிந்திருக்கும். அவர்கள் 2005இல் அதைத் திரும்ப எழுதி, எந்த நாட்டிலும் நிறுவக்கூடிய மாதிரி மாற்றி, திறந்த மூலமாக வெளியிட்டார்கள். அதனால்தான் அதே வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லேய்ட்டே மண்சரிவிலும், பிறகு 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத் திட்டங்களுக்காகத் தருகிற 2006ஆம் ஆண்டு விருதும் சஹனவுக்குக் கிடைத்தது. 2020 ஜனவரியிலும் இதேபோல ஒன்று நடந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் நாட்டுக்குள் வருகிறவர்களைப் பதிவதற்காக இலங்கையில் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருளில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அந்த மென்பொருளை ஒருங்கிணைக்கிற ஓஸ்லோ பல்கலைக்கழகம் அதை அடிப்படையாக வைத்து மற்ற நாடுகளும் எடுத்துக்கொள்ளும் பொதியை வெளியிட்டது.

இரண்டிலும் ஒரே பாடம்தான். எழுதுவது பாதி வேலை. முன்பின் தெரியாத ஒருத்தர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மாதிரி ஒழுங்குபடுத்தி, குறை நிறை சொல்லி, கையில் கொடுப்பது மற்றப் பாதி.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது நாடு முழுக்கத் தெரியும். அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது அந்தளவு பேருக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருடம் மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் சரிவிலும் சிக்கியது. ஒவ்வொரு மழைக்கும் நம்மில் பலர் இரவில் பாடசாலைக்கோ கோயிலுக்கோ நகர்கிறோம். அனர்த்த மென்பொருள் என்பது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

அப்படி ஒரு மென்பொருளின் படிவத்தைக் கற்பனை செய்யுங்கள். ‘வீட்டு இலக்கம், வீதி’ கட்டாயம் நிரப்ப வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு எந்த வீதி? நம்ம முகவரி தோட்டத்தின் பேர், டிவிஷன், லயத்து எண். கடிதமே பல இடங்களில் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. அடுத்து ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, அப்பா பேர்தான். ஒரே ஆளுடைய பேர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறு மாதிரியும், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு மாதிரியும் இருக்கும். காணாமல்போனவரைத் தேடுகிற மென்பொருளில் இது சின்ன விஷயமா? ஒருத்தர் மூன்று பேராகப் பதியப்படலாம், அல்லது தேடும்போது கிடைக்காமலே போகலாம்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதை. தமிழ்நாட்டு நண்பர்கள் பல வருடமாக உழைத்துத்தான் நிறைய மென்பொருள் தமிழில் வந்திருக்கிறது. அவர்களுக்கு நன்றி. ஆனால் ‘கிராம நிர்வாக அலுவலர்’, ‘மாவட்ட ஆட்சியர்’ என்று திரையில் வந்தால் பலாங்கொடையில் இருக்கிற அக்கா ‘கிராம உத்தியோகத்தர்’, ‘அரசாங்க அதிபர்’ என்று புரிந்துகொள்வாரா? இலங்கைத் தமிழ் என்று தெரிவு இருந்தாலும் அதை நிரப்ப ஆள் வேண்டும்.

இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க நிரல் தெரியத் தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்திருந்தால் போதும். எழுதிச் சொல்ல மொழி தெரிய வேண்டும், அதைத்தானே நாம் கலைப்பீடத்தில் படிக்கிறோம்? கணினிக்காரர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஸ்ட்ரிங் ப்ரீஸ் நாள் பகிரங்கமாக அறிவிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு எத்தனை சதவீதம் முடிந்தது என்பதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். க்னோம் திட்டம் தன் வெளியீட்டுக் குறிப்புகளில் ஆதரிக்கப்படும் மொழிகளை எண்ணும்போது 80 சதவீதத்தை எல்லையாக வைத்தது. அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஐந்தாறு பேர் ஒரு மாதம் உட்கார்ந்தாலே மாற்றலாம்.

‘டேட்டாவுக்கே காசில்லை, கொழுந்து எடுக்கிற அம்மாவின் சம்பளம் கூடவில்லை, இதில் மென்பொருளுக்குச் சும்மா உழைக்கணுமா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மலையகத்து உழைப்பை மற்றவர்கள் மலிவாக எடுத்த கதை இருநூறு வருடக் கதை. அதனால் லாபம் பார்க்கிற கம்பெனிக்குச் சும்மா மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த மூலத்தில் செய்த வேலையை யாரும் பூட்டிவைத்து நமக்கே விற்க முடியாது என்பது அதன் உரிமத்திலேயே இருக்க வாய்ப்புண்டு. எந்த உரிமம் என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்டதில் நம்ம வேலை நம்ம கையிலும் இருக்கும், பேரும் இருக்கும். செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான்: நம்ம முகவரிக்கு இடமில்லாத படிவம் அடுத்த பதிப்பிலும் அப்படியே வரும்.

ஒரு வேலையை முன்வைத்து முடிக்கிறேன். அடுத்த விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து அனர்த்தம், சுகாதாரம், கல்வி சார்ந்த ஒரு திறந்த மூல மென்பொருளை எடுப்போம். ஒரு போனில் திறந்து, தோட்டத்தில் இருக்கிற ஒருத்தரிடம் கொடுத்து, அவர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல் புரியவில்லை, எந்தக் கட்டம் நிரம்பவில்லை என்று குறித்துக்கொள்வோம். அதைத் திட்டக்காரர்களுக்குத் தெளிவாக எழுதி அனுப்புவோம். உடனே திருத்த முடியாவிட்டாலும், அது குறைதான் என்று ஒப்புக்கொள்கிற பட்டியலில் நம்ம ஒரு வரியாவது ஏறட்டும். திறப்பு விழாக்கள் அந்த வரியை நமக்கு ஒருநாளும் தந்ததில்லை.