சேஃப்டி மேனேஜருக்கு அடுத்து என்ன படிப்பு?

எங்கள் சொந்தத்துப் பையன் ஒருவனைப் பல்லடம் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் போன மாதம் சேஃப்டி மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். பி.இ. மெக்கானிக்கல் முடித்து எட்டு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவன், வேலை தெரிந்தவன். "பெரியப்பா, கம்பெனி ஒரு படிப்புக்குத்தான் பணம் கட்டுமாமுங்க. நெபோஷா, ஐஎஸ்ஓ ஆடிட்டரா, எம்.இ.யா, சேஃப்டி டிப்ளமாவா?" என்று கேட்கிறான். நானும் 31 வருஷம் மில்லில் கிடந்தவன். அதனால் இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. உங்கள் வீட்டிலும் மருமகன், பேரன் என்று யாராவது இதே கேள்வியோடு இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நெபோஷ் என்பது இங்கிலாந்தில் 1979-ல் தொடங்கிய ஒரு தேர்வு வாரியம். அதன் சர்டிபிகேட் கையில் இருந்தால் வளைகுடா நாடுகளில் மதிப்பு உண்டு. பையனின் வீட்டுக்காரிக்கு துபாய் ஆசை, அவள் ஓட்டு இதற்குத்தான். பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கே ஆபத்து இருக்கிறது, அதை எப்படி எடை போடுவது என்று நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் பல்லடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு முதலில் நம் ஊர் விதி என்ன கேட்கிறது என்பதுதான் முக்கியம்.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-ல் 40பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது அது. 2020-ல் நிறைவேறிய புதிய சட்டத்தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்துவிட்டது, அபாயகரமான தொழில் என்றால் 250. ஆக, இதுவரை சூப்பர்வைசரில் ஒருவரைப் பிடித்துப் போட்டுச் சமாளித்த நடுத்தர மில்களும் இனி முறையான ஆளைத் தேட வேண்டும். அந்த முறையான ஆள் யார் என்றால், இன்ஜினியரிங் பட்டம், மேற்பார்வை அனுபவம், அதோடு மாநில அரசு ஏற்றுக்கொண்ட தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமாவோ உள்ளவர். நெபோஷ் சர்டிபிகேட்டை அந்த டிப்ளமாவின் இடத்தில் வைக்க முடியாது. 'மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தாலும், டிப்ளமா இல்லாத வரை சட்டத்தின் கண்ணில் அவன் மெயின்டனன்ஸ் ஆள்தான்.

அதனால் முதல் இடம் டிப்ளமாவுக்கு. சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஓராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமாவுக்கு நல்ல பெயர். வேறு இடங்களிலும் டிப்ளமா தருகிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் 'அரசு அங்கீகாரம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பணம் கட்டும் முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இந்த டிப்ளமாவை ஏற்பீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் லீவு, பஸ் செலவு, அவ்வளவுதான்.

எம்.இ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சி என்.ஐ.டி.யிலும் சிவகாசி மெப்கோவிலும் இதற்கென்றே மேற்படிப்பு இருக்கிறது. பட்டாசு ஊரில் அந்தப் படிப்பு இருப்பது பொருத்தம்தான். 23 வயதுப் பையனுக்கு நல்லது. இரண்டு குழந்தைகளும் வீட்டுக் கடனும் உள்ளவன் இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது.

ஐஎஸ்ஓ 45001 ஆடிட்டர் கோர்ஸ் ஐந்து நாள். மில் நிர்வாகத்துக்கு இதில்தான் ஆசை அதிகம், வெளிநாட்டு பையர் வரும்போது காட்ட ஒரு சர்டிபிகேட் கிடைக்கிறது அல்லவா? இது பற்றி எனக்கு ஒரு கசப்பு உண்டு. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற கார்மென்ட் கம்பெனி எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். தீ எப்படி வந்தது என்பது வேறு வழக்கு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வெளியே போகும் கதவுகள் பூட்டு. அந்தக் கம்பெனிக்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் எஸ்ஏ8000 என்ற சர்வதேசச் சான்று கொடுத்திருந்தார்கள். ஆடிட் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபைலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் முன் கதவைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும்.

டிப்ளமாவுக்கு அடுத்து எது என்று கேட்டால், நான் தூரமாகப் போக மாட்டேன். 2025 மே மாதம் நம் பல்லடத்தை ஒட்டிய கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஒவ்வொரு மில்லிலும் ஹாஸ்டல் இருக்கிறது, ஹாஸ்டலுக்குத் தொட்டி இருக்கிறது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதையே 2013 சட்டம் தடுக்கிறது. அதையும் மீறி, ஒரு வால்வு பழுது என்று யாராவது ஒருவர் மூடியைத் திறக்கத்தான் போகிறார். வாயு மீட்டரைப் பிடித்து அளக்கவும், உள்ளே இறங்காமலே ஆளைத் தூக்கவும் சொல்லித் தரும் பயிற்சி சில நாளில் முடிந்துவிடும். பிரேம் போட்டு மாட்டும் அளவுக்கு அழகான சர்டிபிகேட் கிடைக்காது. எனக்கு அதுதான் இரண்டாவது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது எந்தக் கல்லூரியின் பட்டியலிலும் இல்லை. அதே 1948 சட்டத்தின் 108-வது பிரிவு, ஆலையில் ஒட்டும் சட்டப்படியான அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது தமிழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்றைக்குப் பையனின் மில்லில் ரிங் ஃபிரேமில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். போர்டு தமிழில் இருக்கிறது.

இந்தி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நமக்குள் உண்டு. 1965-ல் ஊர்வலம் போனவர்களும் இதைப் படிக்கிறீர்கள். திணிப்பை எதிர்ப்பது வேறு, நம் ஊருக்குப் பிழைக்க வந்தவனிடம் அவன் உயிரைப் பற்றி அவனுக்குப் புரிகிற மாதிரி பேசுவது வேறு. பஞ்சுத் தூசு நோய் எப்படித் தொடங்கும் என்று பழைய மில்காரர்களுக்குத் தெரியும். வார லீவு முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சு இறுக்கும், அடுத்த நாள் குறைந்துவிடும். அதை டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன் அந்தப் பையன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாரிடம், எந்த மொழியில் சொல்வான்?

இதற்கு இந்தி பிரச்சார சபாவில் சேர்ந்து பரீட்சை எழுத வேண்டும் என்பதில்லை. இலக்கணம் படித்து முடிப்பதற்குள் இரண்டு விரல் போய்விடும். மெஷினை நிறுத்து என்பதற்கு இந்தியில் 'பந்த் கரோ', ஒடியாவில் 'பந்த கர'. இப்படி நூறு வார்த்தை போதும். ராத்திரி ஷிப்டு மாறும்போது ஹாஸ்டல் மெஸ்ஸில் அவர்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் சாப்பிட்டால் இரண்டு மாதத்தில் வந்துவிடும். சபை கூட்டி அவர்களுக்குத் தமிழும் சொல்லிக் கொடுக்கட்டும், அதுவும் பாதுகாப்புதான்.

மத்திய அரசின் மாதிரி விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது. பாதுகாப்பு அலுவலருக்கு அவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத, இடைஞ்சலான வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பது அது. பையனுக்கு இப்போதே கேன்டீன் கணக்கையும் ஹாஸ்டல் பஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். டிப்ளமா முடிப்பதற்குள் அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து, மரியாதையாக, ஜி.எம். மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேன்டீனை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். ஒடியா பழக அதுதான் தோதான இடம்.