வேகமும் வேலியும்

வேகத்தின்மேல் இளைஞனுக்கு உள்ள காதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. குதிரை ஏறிய காலத்திலும் அது இருந்தது. மோட்டார் ஏறிய காலத்திலும் இருக்கிறது. அதைக் குற்றம் என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் அந்தக் காதலுக்குச் சாட்சியாகப் பழைய பந்தய வீரர்களை அழைத்து வந்து நிறுத்தும் வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. “அவர்கள் விதியைப் பார்த்தார்களா? காப்பைத் தேடினார்களா? உயிரைத் துச்சமாக எண்ணினார்கள், அதனால்தான் வீரர்கள்” என்று வாதிடுவோர் பலர். அமெரிக்க நாட்டின் ரோட்ஸ்டர் பந்தயக்காரர்களின் வரலாற்றைப் படித்தால் இந்த வாதம் நிற்காது. அந்த வரலாறு சொல்வது இதற்கு நேர்மாறான செய்தி.

ரோட்ஸ்டர் என்பது மேற்கூரை இல்லாத, இருவர் அமரும் கார். கலிபோர்னியாவில் 1930-ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். சக்கரங்களின்மேல் உள்ள தகட்டைக் கழற்றினார்கள், விளக்கைக் கழற்றினார்கள், முன்கண்ணாடியையும் கழற்றினார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற எளிய கணக்கு அது. 1932-இல் போர்டு நிறுவனம் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரிலேயே பொருத்தி விற்றது. பின்னர் அந்த எஞ்சின்களும் இளைஞர் கைக்கு வந்தன. பணக்காரர் விளையாட்டாக இருந்த வேகம், ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவனுக்கும் உரியதாயிற்று.

அந்த வேகத்தை எங்கே காட்டுவது? நகரத் தெருக்களில் காட்டியவர்கள் உண்டு. அதனால் மக்களின் வெறுப்பையும் போலீசாரின் கோபத்தையும் சம்பாதித்தவர்களும் உண்டு. ஆனால் அக்கூட்டத்தில் சிந்திக்கத் தெரிந்தவர்கள் தெருவை விட்டு வெளியேறினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், மொஹாவே பாலைநிலத்தில் நீர் வற்றிய ஏரிகள் இருக்கின்றன. முராக், எல் மிராஜ் என்ற அந்த ஏரிப் படுகைகள் தரைபோல் கெட்டியானவை. பல மைல் பரந்தவை. அங்கே சென்று ஓட்டினார்கள். முதலில் பல கார்கள் ஒருசேர ஓடின. முன்னால் போகும் காரின் புழுதி பின்னால் வருபவன் கண்ணை மறைத்தது, விபத்துகள் நேர்ந்தன. 1937-இல் பல சங்கங்கள் கூடித் தென் கலிபோர்னியக் காலக்கணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவின. கார்களை ஒவ்வொன்றாக விட்டு வேகத்தை அளக்கும் முறை வந்தது. விதியை அவர்கள்மேல் எவரும் சுமத்தவில்லை. வேகத்தைக் காதலித்தவர்களே தம் காதலைக் காப்பதற்காக விதியைத் தேடிக்கொண்டார்கள். இதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரோட்ஸ்டர்கள் வட்டப் பாதைகளில் ஓடத் தொடங்கின. கலிபோர்னியா ரோட்ஸ்டர் சங்கம் பிறந்தது. ஜாக் மெக்ராத், மானுவல் அயூலோ, ட்ராய் ரட்மன், ராத்மன் சகோதரர்கள் எனப் பலர் அங்கே பயின்று புகழ் பெற்றார்கள். அவர்களில் சிலர் நம்மைவிட இளையவர்கள். பந்தயத்திற்குரிய வயது வராத ராத்மன் தம்பி, அண்ணனின் அடையாளச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஓட்டினார். அண்ணன் பெயர் தம்பிக்கும் தம்பி பெயர் அண்ணனுக்குமாக அப்படியே நிலைத்துவிட்டது. ஜிம் என்ற கடன் பெயரோடுதான் தம்பி 1960-இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்றார். ட்ராய் ரட்மனும் வயது வருமுன்பே பந்தயத்தில் இறங்கியவர். 1952-இல் அதே பந்தயத்தை வென்றபோது அவருக்கு வயது 22. அங்கே வென்றவர்களில் அவரைவிட இளையவர் இன்றுவரை எவரும் இல்லை.

அந்த 1952-இல்தான் ரோட்ஸ்டர் என்ற சொல்லுக்குப் புதுப் பொருளும் பிறந்தது. பிராங்க் கர்டிஸ் என்ற கார் கட்டுநர், எஞ்சினையும் அதன் சுழல்தண்டையும் இடப்புறம் ஒதுக்கி, ஓட்டுநரை அதன் அருகே தாழ உட்காரவைத்து ஒரு காரைக் கட்டினார். இடப்பக்கமாகவே திரும்பும் பாதையில் எடை இடப்பக்கம் இருந்தால் நன்மை அல்லவா? பில் வுக்கோவிச் அதை ஓட்டிப் பெரும்பாலான சுற்றுகளில் முதலிடத்தில் இருந்தார். மொத்தம் 200 சுற்று. பத்துச் சுற்றுக்கூட எஞ்சாத நேரத்தில் ஸ்டீயரிங் பழுதாகிக் கார் நின்றது. ரட்மன் வென்றது அந்தப் பந்தயத்தைத்தான். வுக்கோவிச் சோரவில்லை. 1953-லும் 1954-லும் வென்றார். அதுமுதல் 1964-இல் ஏ. ஜே. பாய்ட் வென்றது வரை பன்னிரண்டு ஆண்டுகள் ரோட்ஸ்டரே அங்கு வாகை சூடியது. 1965-இல் ஜிம் கிளார்க் பின்புற எஞ்சின் காரில் வென்றதும் அதன் காலம் முடிந்தது.

இதுவரை சொன்னது வெற்றிக் கணக்கு. மறுபக்கக் கணக்கையும் பார்க்கவேண்டும். மூன்றாம் முறையும் வெல்லும் நிலையில் 1955-இல் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த வுக்கோவிச், எதிரே குழம்பி நின்ற கார்களில் மோதிச் சுவரைத் தாண்டி விழுந்து மாண்டார். அதே மே மாதத்தில், அதே பாதையில், பயிற்சியின்போது அயூலோ மாண்டார். நவம்பரில் பீனிக்ஸ் நகரில் மெக்ராத் மாண்டார். 1955-இன் வெற்றியாளர் பாப் ஸ்வைகர்ட் மறு ஆண்டிலேயே வேறொரு பாதையில் உயிர் துறந்தார். 1958-இன் வெற்றியாளர் ஜிம்மி பிரையன் 1960-இல் போனார். வெற்றிக்கோப்பை தூக்கிய கை இரண்டொரு ஆண்டில் மண்ணுக்குப் போயிற்று என்றால், அதை வீரம் என்று மட்டும் பாடிவிட்டு நகர்வது நேர்மையா?

இந்த மரணங்களில் எல்லாம் விதியின் கை இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1958-இல் பாட் ஓ’கானர் முதற் சுற்றிலேயே கார் கவிழ்ந்து இறந்தார். அதன் பிறகே ஓட்டுநரின் தலைக்குமேல் காப்பு வளையம் கட்டாயமாயிற்று. 1959-இல் ஜெர்ரி அன்சர் தீக்காயத்தால் இறந்தார். அதன் பிறகே தீ எளிதில் பற்றாத உடை கட்டாயமாயிற்று. வளைத்த ஓர் இரும்புக் குழாயையும் பக்குவம் செய்த ஒரு துணியையும் கொண்டுவர, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

“ஆபத்து குறைந்தால் வீரமும் குறையுமே” என்று கேட்கலாம். வேகத்தை அடக்கி ஆளும் கைத்திறனும், மற்றவன் பின்வாங்கும் வளைவில் முன்னேறும் நெஞ்சுரமும் காப்பு வளையம் வந்ததால் குறைந்துவிடவில்லை. கார் கவிழ்ந்தாலும் மறுநாள் அவன் வீடு திரும்புவான், வித்தியாசம் அவ்வளவுதான். மேலும், வீரம் என்பது முன்னே பாய்வதில் மட்டும் இல்லை. 1940 முதல் இண்டியானாபொலிஸ் வெற்றிக்காகக் காத்திருந்த சாம் ஹாங்க்ஸ், 1957-இல், தம் 42-ஆம் வயதில் அதை வென்றார். வென்ற அந்த இடத்திலேயே, இனி இப்பந்தயத்தில் ஓட்டுவதில்லை என்று அறிவித்தார். புகழின் உச்சியில் நிற்கும்போது போதும் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவர் 1994 வரை வாழ்ந்தார். வுக்கோவிச்சின் படத்தைச் சுவரில் மாட்டும் நண்பர்கள், பக்கத்தில் ஹாங்க்ஸின் படத்தையும் மாட்டவேண்டும் என்பது என் கருத்து.

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,000-க்கும் மேல். வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து படிக்கும் நமக்கு, ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் “பார்த்துப் போய் வா” என்ற ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்பவர்களுக்கு, நாம் வளாகச் சாலையில் இரவில் விடும் பந்தயத்தில் முதலாவதாக வந்தோமா என்பதில் அக்கறை இல்லை.

ரோட்ஸ்டர் இளைஞர்களை நாம் பின்பற்றத்தான் வேண்டும். அவர்களைப்போலக் கையில் எண்ணெய்க் கறை படிய எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்போம். அவர்களைப்போலச் சங்கம் கூடித் திட்டமிடுவோம். வேகம் வேண்டுமென்றால் அவர்களைப்போலத் தெருவை விட்டு, அதற்கென அமைந்த பாதைக்குச் செல்வோம். அவர்கள் உயிர் கொடுத்து வாங்கித் தந்த பாடத்தை, ஒரு தலைக்கவசத்தின் விலையில் நாம் பெற்றுக்கொள்ளலாம். அதையும் மறுப்பவன் அந்த வீரர்களின் வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லாதவன்.